பலகைப் படமும் அதன் சட்டமும்

பல வருடங்களுக்கு முன்பு நான் செய்த ஒரு பிழையிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பூஜையறையில் ராமர் பட்டாபிஷேகப் படம் ஒன்று இருந்தது. தஞ்சாவூர் பாணியில் பலகைமேல் எழுதப்பட்டது. உயரம் ஒன்றரைச் சாண்தான் இருக்கும். அதன் மரச்சட்டத்தின் கீழ்ப்பகுதியைச் செல் அரித்து, தொட்டால் மாவாக உதிரத் தொடங்கியிருந்தது. நகரத்துக் கடையொன்றில் கொடுத்துப் பொன்னிறமாகப் பளபளக்கும் புதிய சட்டம் போட்டு எடுத்து வந்தேன். வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். பாட்டி மட்டும் படத்தை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். "பின்பலகை எங்கேடா?" என்றாள்.

சித்திரப் பலகைக்குப் பின்னால் தூசி புகாமலிருக்க மெல்லிய பலகை ஒன்றை அடித்திருந்தார்கள். அதில் கொள்ளுத்தாத்தா தன் குழந்தைகள் பிறந்த நாளையும் நட்சத்திரத்தையும் மையினால் எழுதி வைத்திருந்தாராம். எனக்கு அது தெரியாது. மறுநாள் கடைக்கு ஓடினேன். பழைய கட்டைகளெல்லாம் அன்றன்றைக்கே அடுப்புக்குப் போய்விடும் என்றார்கள். பாட்டி நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். நான்காவது குழந்தைக்குப் பிறகு அவளுக்குக் குழம்பிவிட்டது. சிசுவிலேயே இறந்துபோன இருவரின் பெயர்கள் அந்தப் பலகையில் மட்டுமே இருந்தன.

படத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. தங்கம் உதிரவில்லை, நிறம் போகவில்லை. ஆனாலும் வீட்டிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறிவிட்டது. அது என்ன என்ற கேள்வி வெகுநாள் என்னோடு இருந்தது. அதற்குப் பாதி விடையாவது கிடைத்தது ஆரணியில்.

*

வேலூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட நிலத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊர் ஆரணி. இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் பட்டுச்சேலையும் அரிசியும் நினைவுக்கு வரும். சரித்திரம் படித்தவர்களுக்கு 1751இல் ராபர்ட் கிளைவ் இங்கே பெற்ற வெற்றியும், 1782இல் ஹைதர் அலியும் ஐர் கூட்டும் மோதிய போரும் நினைவுக்கு வரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரின் பெயரைத் தாங்கியது பட்டு அல்ல. மெல்லிய பருத்தித் துணியான ஆரணி மஸ்லின். இயந்திரத் துணியின் வரவோடு அது மறைந்தது. தறிகள் பட்டுக்குத் திரும்பின.

ஒரு திருமணத்துக்குச் சேலை எடுப்பதற்காகப் போயிருந்தேன். நண்பர் ஒருவர் என்னை நெசவாளர் வீடு ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். வீட்டின் முன்கட்டில் தறி; அதற்கு எதிர்ச்சுவரில், மாடத்துக்கு மேலே, ஒரு சிறிய பலகைப் படம். வெண்ணெய்த்தாழியோடு நவநீத கிருஷ்ணன். பெரியவரின் பாட்டி கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்ததாம். கண்ணாடிக்குப் பின்னால் தங்கம் புகையேறி மங்கியிருந்தது. சட்டம் கறுத்த தேக்கு. நான்கு பக்கமும் கொடியும் இலையுமாகச் செதுக்கியிருந்தார்கள். என் வீட்டுப் படத்தைப் போலவே, அதன் கீழ்ச்சட்டமும் அரித்துப்போயிருந்தது.

நான் நின்று பார்ப்பதைக் கவனித்த பெரியவர் சொன்னார்: "கடையில கேட்டேன் தம்பி. மொத்தத்தையும் எடுத்துட்டுப் புதுசா போட்டுத் தரேன்னாங்க. ஒத்துக்கல."

"ஏன் ஐயா?" என்றேன்.

தறியில் பாதி நெய்யப்பட்டிருந்த சேலையைக் காட்டினார். "கரையை வெட்டிப் போட்டுட்டு உடலை மட்டும் வெச்சுக்கிட்டா அதுக்குப் பேரு சேலையா?"

நெசவாளர் வீட்டில் வந்திருக்கக்கூடிய இயல்பான பதில்தான் அது. ஆனால் அன்று ஊர் திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பட்டுச்சேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கரையைப் பற்றியே பேசுகிறார்கள். கரையின் அகலமும் சரிகையும் சேலையின் விலையைத் தீர்மானிக்கின்றன. கரையில் ஓடும் உருவம் சேலைக்குப் பெயரையே தந்துவிடுவதுண்டு. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டின் ஊடையையும் தனித்தனி நாடாவில் ஓட்டி, அவை சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கவ்வச்செய்து நெய்கிறார்கள். கைத்தறியில் கரைக்கான நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சந்திப்பு பிரியாமலிருப்பதில்தான் நெசவின் மதிப்பே இருக்கிறது. படத்தின் சட்டத்துக்கு மட்டும் ஏன் அந்த மதிப்பு கிடைக்கவில்லை?

*

படம் என்ற சொல்லுக்கே பழைய பொருள் துணி என்பது. வடமொழியின் 'பட' என்ற சொல்லிலிருந்து வந்தது. துணிமேல் எழுதிய சித்திரம் படம் எனப்பட்டு, பிறகு எதன்மேல் எழுதினாலும் படம் என்றாகிவிட்டது. தறியில் நெய்த சேலை சுருண்டுகொள்ளும் உருளையைப் படமரம் என்று சொல்வதில் அந்தப் பழைய பொருள் மிச்சமிருக்கிறது.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப் படம் என்ற பெயரும் உண்டு. மரமும் துணியும் சேர்ந்த அந்தப் பெயர் முற்றிலும் பொருத்தமானது. பலா அல்லது தேக்குப் பலகையை இழைத்து, அதன்மேல் பருத்தித் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். துணிமேல் சுக்கான் மாவும் பசையும் கலந்த பூச்சைப் பலமுறை பூசிக் காயவைத்துத் தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். அதில் கோட்டுருவம் எழுதி, நகையும் தூணும் வளைவும் வரும் இடங்களில் மக்கு என்கிற குழம்பை வைத்து மேடாக்குவார்கள். கண்ணாடிக் கற்களைப் பதித்து, தங்க ரேக்கை ஒட்டி, கடைசியில் வண்ணம் தீட்டுவார்கள். நெசவாளரின் சரிகையும் இதே வழியில் உண்டாவதுதான். பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளி இழையைச் சுற்றி அதற்குப் பொன்முலாம் பூசுகிறார்கள். மிகக் கொஞ்சம் தங்கத்தை மிக மெல்லியதாக நீட்டி, எளிய பொருளொன்றின்மேல் படியச்செய்யும் வித்தையில் இரு தொழில்களும் உறவுகொள்கின்றன.

இந்தப் படங்களைச் சற்று நேரம் பார்த்தால் ஒன்று புலப்படும். சட்டம் என்பது மரச்சட்டத்தில் தொடங்கவில்லை. சித்திரத்துக்குள்ளேயே இரு தூண்களும் அவற்றை இணைக்கும் வளைவும் இருக்கின்றன. வளைவுக்குக் கீழே முடிச்சிட்ட திரைச்சீலை தொங்குகிறது. அதற்கும் உள்ளே தெய்வம் அமர்ந்திருக்கிறது. செப்புத்திருமேனியைச் சுற்றித் திருவாசி. திருவாசியைச் சுற்றிக் கருவறை. அதைச் சுற்றி மண்டபமும் பிராகாரமும் என்று கோயிலில் நாம் கடந்துபோகும் அடுக்குகளைச் சாண் அளவுப் பலகையில் மடித்து வைத்ததைப் போலிருக்கிறது. மரச்சட்டம் அந்த வரிசையின் கடைசிச் சுற்று. அதை வெளியே இருக்கும் ஒன்றாக நினைத்துக் கழற்றிவிடுவது, கோயிலின் வெளிச்சுற்றை இடித்துவிட்டுக் கருவறை பத்திரமாக இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது.

*

அழகை விட்டுவிட்டு உபயோகத்தைப் பார்த்தாலும் சட்டத்தின் வேலை சிறியதல்ல. மரம் வெட்டப்பட்ட பிறகும் அசைந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி நாரோட்டத்துக்குக் குறுக்கே அகலும்; கோடையில் சுருங்கும். மேலே பூசிய சுக்கான் பூச்சுக்கு அந்த அசைவு கிடையாது. அது கல்போல இறுகிவிட்டது. ஆகவே பலகை அதிகம் வளைந்தால் பூச்சு வெடிக்கும். அதோடு தங்கமும் உதிரும். வளையாமல் காப்பதற்காகப் பின்பக்கம் குறுக்குக் கட்டைகள் அடிப்பதுண்டு. மீதி வேலையைச் சட்டம் செய்கிறது.

நல்ல தச்சர் சட்டத்தின் உள்விளிம்பில் காடி எடுப்பார். அந்தக் காடியில் பலகை உட்கார வேண்டும். ஆனால் சிறைப்படக் கூடாது. பலகை அகலவும் சுருங்கவும் ஒரு நெல்மணியின் பருமனாவது இடம் விட்டிருக்க வேண்டும். பின்னாலிருந்து மெல்லிய ஆணிகள் அதை விழாமல் தாங்கினால் போதும். இடமே விடாமல் இறுக்கி, நான்கு பக்கமும் பசை போட்டு ஒட்டிவிட்டால், அடுத்த கோடையில் பலகைக்குப் போக வழியில்லாமல் நடுவில் பிளந்துகொள்ளும். பல பழைய படங்களில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசல் காலத்தால் வந்தது என்று நினைக்கிறோம். மறுசட்டம் போட்டவரின் அவசரத்தால் வந்ததாகவும் இருக்கலாம்.

கண்ணாடிக்கும் இதே நுட்பம் தேவை. எண்ணெய் விளக்கின் புகையும் கற்பூரப் புகையும் படியும் சுவரில் கண்ணாடி இல்லாமல் படம் நிலைக்காது. ஆனால் கண்ணாடி படத்தின்மேல் ஒட்டிக் கிடந்தால் மேடான மக்கையும் கல்லையும் நசுக்கும். வேர்த்துப்போய் உள்ளே ஈரம் தங்கும். எனவே கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே ஒரு மெல்லிய மரக்கீற்றை வைத்து இடைவெளி உண்டாக்குவார்கள். பார்க்கிறவர்கள் அதை அலங்காரக் கோடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆரணிப் பெரியவரின் படத்தைக் கீழே இறக்கிப் பார்த்தபோது, மூலைகள் இன்றைய வழக்கப்படி நாற்பத்தைந்து பாகையில் சாய்வாக வெட்டி ஆணியடித்தவையாக இருக்கவில்லை. கதவு நிலையைச் செய்வதைப் போலக் கழுந்தும் துளையுமாகச் செய்து, மர முளை அடித்திருந்தார்கள். ஓர் ஆணிகூட இல்லை. இதைச் செய்தவர் படச்சட்டம் செய்வதையே தொழிலாகக் கொண்டவராக இருந்திருக்க மாட்டார் என்று தோன்றியது. வாசல் நிலைகள் செய்கிற ஒரு தச்சர் தெய்வத்துக்குச் சாண் அளவில் ஒரு வாசல் செய்து கொடுத்திருக்கிறார். சட்டம் என்ற சொல் கதவுக்கும் ஜன்னலுக்கும் தறிக்கும் படத்துக்கும் பொதுவாக வழங்குவது தற்செயல் அல்ல. அவற்றைச் செய்த கைகள் ஒன்றாக இருந்தன.

*

பலகைப் படத்தின் சரித்திரம் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. தஞ்சை நாயக்கர் காலத்தில் வேர்கொண்டு, 1676இல் ஏகோஜி தொடங்கிய மராட்டிய ஆட்சியில் அது வளர்ந்தது. இரண்டாம் சரபோஜியின் காலத்தில் (1798–1832) செழித்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் ராஜு சமூகத்தினர். தெலுங்கு நிலத்திலிருந்து வந்து தஞ்சாவூரிலும் திருச்சியிலும் தங்கியவர்கள். மதுரைப் பக்கத்தில் நாயுடுகளும் எழுதினார்கள். அவர்களில் மிகச் சிலரே தங்கள் பெயரைப் பலகையில் பதித்தார்கள்.

அந்த மராட்டியச் சரித்திரத்தின் ஒரு கிளை ஆரணியிலும் ஓடியது. பதினேழாம் நூற்றாண்டில் ஷாஜி தெற்கே படை நடத்திய காலத்தில் அவரிடம் அதிகாரியாக இருந்த வேதாஜி பாஸ்கர பந்துக்கு ஆரணி ஜாகீர் கிடைத்தது. தஞ்சையை வென்ற ஏகோஜி அந்த ஷாஜியின் மகன். தஞ்சை அரசு 1855இல் வாரிசின்றி முடிந்த பிறகும் ஆரணி ஜாகீர் நீடித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன்கள் ஒழிக்கப்படும்வரை அந்தக் குடும்பத்திடம் இருந்தது. ஊருக்கு அருகில் சத்தியவிஜயநகரத்தில் அவர்களுடைய அரண்மனையை இன்றும் பார்க்கலாம். சாய்ந்துபோன மரவேலைகளுக்கும் வெறுமையான சுவர்களுக்கும் நடுவே நிற்கும்போது, அங்கே என்னென்ன படங்கள் தொங்கியிருக்கும் என்ற எண்ணம் வராமல் இராது.

தஞ்சை அரசு போன பின் பலகைப் படத்தை ஆதரித்தவர்களில் நகரத்தார் முக்கியமானவர்கள். பர்மாவில் தொழில் செய்து, பர்மாத் தேக்கில் வீடுகள் கட்டிய அவர்களுடைய முகப்புகளிலும் பூஜையறைகளிலும் படங்களுக்கு இடமிருந்தது. வாசல் நிலைகளில் கஜலட்சுமியையும் அன்னத்தையும் கொடியையும் செதுக்கிய தச்சர்களின் கை படச்சட்டங்களுக்கும் வந்தது. கனமான தேக்கு, கறுப்பு வண்ணம், உள்விளிம்பில் தங்கக் கோடு என்ற அமைப்பை இன்றும் கடைகளில் 'செட்டிநாடு பிரேம்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஒரு வட்டாரத்தின் பெயர் கிடைத்தது. செய்தவரின் பெயர் அப்போதும் கிடைக்கவில்லை.

இதற்கு இணையாக ஐரோப்பியர் வீடுகளின் சட்டங்களும் இங்கே அறிமுகமாயின. சுவரில் ஆணியடித்துச் சற்றே முன்சாய்த்துப் படத்தைத் தொங்கவிடும் வழக்கம் அவர்களோடு பரவியது. அதற்கு முன்பு தெய்வம் மாடத்திலோ பீடத்திலோ இருந்தது. சட்டமும் அதன் வளையமும் தெய்வத்தைச் சுவரின் நடுவுக்குக் கொண்டுவந்தன. கீழே தரையில் அமர்ந்து பார்க்கிறவருக்காகப் படம் முன்னால் குனிந்தது. இந்தச் சிறிய சாய்வு நம்முடைய வழிபாட்டில் உண்டாக்கிய மாற்றத்தைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.

*

பெரிய மாற்றம் அச்சிலிருந்து வந்தது. 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியில் அச்சான தெய்வப் படங்களும் சந்தைக்கு வந்தன. பலகைப் படம் வாங்க வசதியில்லாத வீடுகளிலும் லட்சுமியும் சரஸ்வதியும் குடியேறினார்கள். ஆனால் அச்சுப்படம் வெறும் காகிதம். அதைப் படமாக்கியது சட்டம்தான். ஒவ்வொரு கடைத்தெருவிலும் படத்துக்குக் கண்ணாடி போடும் கடைகள் தோன்றின. தெய்வத்தை எங்கோ ஒரு நகரத்து இயந்திரம் ஆயிரக்கணக்கில் அச்சடித்தது. அதை இந்த வீட்டுக்குரிய தெய்வமாக மாற்றும் வேலை உள்ளூர்ச் சட்டக்காரரிடம் வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்தில் வந்த ஒரு வழக்கம் பட்டு நெய்யும் ஊர்க்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். அச்சுப்படத்தில் தெய்வத்தின் ஆடை இருக்கும் இடத்தில் உண்மையான துணியை வெட்டி ஒட்டிச் சரிகையும் ஜிகினாவும் மணியும் தைத்து அலங்கரித்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இப்படிச் சேலை கட்டிய ரவிவர்மா படங்கள் நிறைய இருந்தன. காகிதத்தின்மேல் துணி ஏறியதும் 'படம்' தன் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டது. அத்தகைய படத்துக்குத் தட்டையான சட்டம் உதவாது. துணியின் மடிப்பைக் கண்ணாடி அழுத்தாமலிருக்கப் பெட்டியைப் போல ஆழமான சட்டம் வேண்டும். அலங்காரம் மாறியபோது சட்டத்தின் உடலும் மாறியது.

தமிழ்நாட்டு அச்சுப்படங்களின் பிதாமகராகக் கருதப்படும் சி. கொண்டையராஜு (1898–1976) பிறந்தது ராஜு சமூகத்தில். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், ஆரணிக்கு அதிக தூரமில்லாத திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் தங்கியிருந்தார். பிறகு நாடகக் குழுவோடு சேர்ந்து திரைச்சீலைகள் எழுதி, கோவில்பட்டியில் நிலைபெற்றார். அவரும் டி.எஸ். சுப்பையா போன்ற அவருடைய மாணவர்களும் எழுதிய தெய்வங்கள் சிவகாசிக் காலண்டர்களாக வீடுதோறும் வந்தன. வருடம் முடிந்ததும் தேதித்தாள் தீர்ந்துபோகும். மேலே இருக்கும் முருகனை வெட்டியெடுத்துச் சட்டம் போடுவார்கள். இலவசமாக வந்த காலண்டர் பூஜைக்குரிய படமாக உயர்ந்தது, அந்தச் சில ரூபாய்ச் சட்டத்தால். கொண்டையராஜுவின் சித்திரங்களில் வரும் நாடக மேடைத் தூணும் திரையும், பலகைப் படத்தின் தூணும் வளைவும் ஒரே மரபில் வந்தவை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

*

அந்தச் சட்டக் கடைகளும் இப்போது மாறிவிட்டன. முதலில் லேமினேஷன் வந்தது. படத்தை மரத்தூள் பலகையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளை அழுத்தி, விளிம்பைச் சாய்வாகச் செதுக்கிவிட்டால் கண்ணாடியும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். பெயரளவில் இவையும் சிறிய மரப்படங்கள்தான். ஈரம் பட்டால் ஊதிப்போகும். ஒருமுறை ஊதினால் பழுதுபார்க்க வழியில்லை. பிறகு நீளநீளமாக வரும் செயற்கைச் சட்டங்கள் வந்தன. மரம்போல வண்ணம், செதுக்கியதுபோல அச்சு, தங்கம்போல மினுக்கம். வெட்டுவதற்கு ஓர் இயந்திரம், மூலையில் ஆணி இறக்க இன்னோர் இயந்திரம். அரைமணியில் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவற்றைச் செல் அரிக்காது என்பது உண்மை. ஏழை வீடுகளுக்கு அது சௌகரியம் என்பதும் உண்மை. இழைப்புளியும் உளியும் பிடித்தவர்கள் கடையில் நின்று அளவெடுப்பவர்களாகிவிட்டார்கள் என்பதும் அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய உண்மை.

தஞ்சாவூர் ஓவியமும் இப்போது பெரும்பாலும் ஒட்டுப்பலகையில் எழுதப்படுகிறது. ஒட்டுப்பலகை அவ்வளவாக அசைவதில்லை. எனவே காடியில் நெல்மணி இடம் விடும் அறிவும் தேவையற்றதாகிவிட்டது. தேவையற்றுப்போன அறிவு ஒரு தலைமுறைக்குள் மறந்துவிடுகிறது. பழைய பலாப்பலகைப் படம் ஒன்று மறுசட்டத்துக்கு வரும்போது அதன் விலை தெரிகிறது.

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் இடிபட்டபோது அவற்றின் தூணும் நிலையும் சட்டமும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அங்கே வெறும் சட்டங்கள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். சில, கண்ணாடி பதித்து நகரத்து வரவேற்பறைகளுக்குப் போகின்றன. சில சட்டங்களுக்குள் புதிய படங்கள் புகுந்து பழைய படங்களாக விலைபோவதும் நடக்கிறது. வீட்டுக்காரர்கள் படத்தை வைத்துக்கொண்டு சட்டத்தை எறிகிறார்கள். வியாபாரிகள் சட்டத்தை வைத்துக்கொண்டு படத்தை மாற்றுகிறார்கள். இரண்டிலும் தொலைவது ஒன்றுதான்: இந்தப் படம் எந்தச் சுவரில், யார் கண்ணெதிரே, எவ்வளவு காலம் இருந்தது என்ற சாட்சியம். புகையின் கறுப்பு, பின்பலகையில் கடைக்காரர் ஒட்டிய சீட்டு, வளையத்தில் கட்டிய கயிறு, சந்தனம் வைத்து வைத்துத் தேய்ந்த இடம் எல்லாம் சட்டத்தில்தான் இருக்கின்றன. ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பாணியையும் காலத்தையும் ஓவியத்திலிருந்து சொல்லிவிடுவார்கள். அது வாழ்ந்த வாழ்க்கையைச் சட்டத்திலிருந்துதான் சொல்ல முடியும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கும் ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சேலைக்குக் கிடைத்த குறியீடு அதன் கரைக்கும் சேர்த்துத்தான். தறியிலேயே இரண்டும் பிரிக்க முடியாதபடி பிறக்கின்றன. படமும் சட்டமும் வெவ்வேறு கைகளில் பிறந்து பிறகு சேர்கின்றன. அதனால்தான் பிரிப்பது நமக்கு அவ்வளவு சுலபமாக இருக்கிறது.

*

சில மாதங்கள் கழித்துச் சேலையை வாங்கிவர ஆரணிக்கு மறுபடியும் போனேன். கிருஷ்ணன் சுவருக்குத் திரும்பியிருந்தான். மேல்சட்டமும் பக்கச்சட்டங்களும் பழையவைதான். அரித்த கீழ்ச்சட்டத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். செய்தவர் தறிகளுக்கு மரவேலை செய்து தரும் உள்ளூர்த் தச்சர். பிரித்துப்போட்டிருந்த பழைய தறியின் மரத்திலிருந்தே ஒரு துண்டை எடுத்து, கழுந்தும் துளையும் பழையபடியே வைத்துப் பொருத்தியிருந்தார். கொடியும் இலையும் செதுக்க அவருக்கு வராதாம். ஓரத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் இழைத்திருந்தார். நிறமும் மற்ற மூன்றோடு ஒட்டவில்லை.

"பாலிஷ் போட்டு ஒண்ணாக்கிடலாமான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன்," என்றார் பெரியவர். படத்தை இறக்கித் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பழுதுபார்த்த வருடத்தையும் மாதத்தையும் எழுதி, கீழே அந்தத் தச்சரின் பெயரை எழுதியிருந்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அந்தப் பலகைக்கு உரியது.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் ராமர் படத்தைக் கழற்றினேன். பாட்டி போய் வெகுகாலமாகிவிட்டது. அவள் சொல்ல எழுதிவைத்திருந்த தாளைத் தேடியெடுத்து, செயற்கைச் சட்டத்தின் பின்னால் இருந்த அட்டையில் நான்கு குழந்தைகளின் நாளையும் நட்சத்திரத்தையும் எழுதினேன். அதற்குக் கீழே இரண்டு வரிகளுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.